ஈரக்கரட்டம்மனுக்குப் புருவம் கிடையாது

நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள், நம்பாதவர்கள் எழுந்துபோய்த் துணி துவையுங்கள், இரண்டு பேருக்கும் கதை ஒன்றுதான்: பனியன் கம்பெனிகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்த ஒரு சந்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குடத்தைத் தூக்கக் குனிந்த வசந்தாமணியின் தலையிலிருந்து துண்டு நழுவி விழுந்தது, விழுந்ததும் அவள் தலை ஒரு முடிகூட இல்லாமல் வழவழவென்று எல்லார் கண்ணுக்கும் முன்னால் வெயிலில் நின்றது.

"அட, மொட்டை போட்டிருக்கறயா!" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி. "சொல்லவே இல்ல பாரு. எந்தக் கோயலுக்கு வசந்தா?"

மொட்டைத் தலையைப் பார்த்தால் எந்தக் கோயில் என்று கேட்பது அங்கே வழக்கம், சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி, பதில் சொல்லாமல் போனால்தான் தப்பாக நினைப்பார்கள். வசந்தாமணி மனசுக்குள் கோயில்களை எண்ணிப் பார்த்தாள். பழனி என்றால் பஞ்சாமிர்தம் எங்கே என்பார்கள், சமயபுரம் என்றால் எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே என்பார்கள். அவள் குழாயடி ஈரத்தைப் பார்த்தாள், ஈரத்துக்கு அப்பால் தெரிந்த கரட்டைப் பார்த்தாள். கரடு என்றால் மலை என்று சொல்ல வெட்கப்பட வேண்டிய உயரத்தில் ஒரு பாறை, செல்போன் கம்பெனிக்காரன்கூட டவர் வைக்காமல் விட்டது.

"ஈரக்கரட்டம்மனுக்குங்க்கா," என்றாள்.

அப்படி ஒரு சாமி கிடையாது. அந்த இடத்தில் அது தெரிந்த இன்னொருத்தி, பின்னால் காலிக் குடத்தோடு நின்ற அவள் மகள் தாரணி. பதினேழு வயது, பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நின்றாள் என்று சந்தே உச்சுக்கொட்டியது. பாதிக் காரணம் அது, மீதிப் பாதி கணக்குப்பதிவியல் சுத்தமாகப் பிடிக்கவில்லை, கேட்டால் அவளே சொல்லுவாள். அம்மாவின் இடது மாரில் கட்டி வந்தது, மார்கழியில் மாரையே எடுத்தது, சந்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்தது, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எட்டுத் தடவை மருந்து ஏற்ற வேண்டும், முதல் நாலு சிவப்பு, பின் நாலு வெள்ளை என்று சிஸ்டர் சொன்னது, முதல் சிவப்பு ஏறின கொஞ்ச நாளில் தலையணையில் முடி, சீப்பில் முடி, ரசத்தில் முடி, குளிக்கிற ரூமில் தண்ணீர் போகாமல் குழியை அடைத்துக்கொண்ட முடி, அதை விளக்குமாற்றுக் குச்சியால் சுருட்டிச் சுருட்டி எடுத்துப் பேப்பரில் மடித்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த முடி எந்த அம்மனுக்கும் போகவில்லை, குப்பை வண்டிக்குத்தான் போனது.

"எதுக்கும்மா பொய் சொன்ன?" என்று வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள்.

"பின்ன? கேன்சருன்னு சொன்னா நாளைக்கு நம்ம கொடத்தைக் கொழாயில வெக்க உடுவாங்களா?"

"உடுவாங்க."

"உனக்கு என்ன தெரியும். போ, போய் அரிசியக் களை."

மறுநாள் காலை கரட்டின் மேல் கோயில் இருந்தது.

புதுக்கோயில் இல்லை, அதுதான் தாரணிக்குக் குழப்பமாக இருந்தது. படிகள் ஏறி ஏறி நடுவில் குழிந்திருந்தன, மணியில் கீறல் விழுந்திருந்தது, ஒருத்தர் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் வேப்பமரம் நின்றது, கருவறை வாசலில் தொங்கின டியூப் லைட்டில் உபயம் கொடுத்தவர் பெயரை அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தார்கள், வெளிச்சம் வர வழியில்லாமல் பெயர்தான் எரிந்தது, அந்தப் பெயரும் ஏதோ ஒரு பெயர் இல்லை, சந்து முனை மளிகைக்கடைக்காரரின் செத்துப்போன மாமனார் பெயர். உள்ளே அம்மன் கறுப்புக் கல்லில் உட்கார்ந்திருந்தாள், தலையில் கிரீடம் இல்லை, முடி இல்லை, கல்லில் செதுக்கின மொட்டை.

நேற்று இது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாவி யாரிடம் என்று கேட்டார்கள். சாவி தன்னிடம் என்று சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டி ஓய்ந்துபோன மாரப்பன் சொன்னார், எங்க பாட்டன் காலத்திலிருந்து நாங்கதான் பூசாரி என்றார், அவர் பாட்டனைப் பார்த்த ஆள் யாரும் உயிரோடு இல்லாததால் அதுவும் சரியாகிவிட்டது, அதற்குப் பிறகு செருப்பு எங்கே விடுவது, ஷேர் ஆட்டோ எங்கே திருப்புவது, தேங்காய்க்கடை யார் போடுவது என்று மூன்று வாரம் சண்டை நடந்து, சண்டை தீர்ந்தபோது கோயில் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

"அம்மா, அது நீ சொன்னதுனால வந்துது," என்றாள் தாரணி.

"சொன்னா வந்துருமா? முன்னாடியே இருந்துருக்கும், நாம பாக்காம இருந்துருப்போம்," என்றாள் வசந்தாமணி, ஆனால் அவளும் ஜன்னல் வழியாக வெகு நேரம் கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நின்றபடியே பக்கெட்டில் வாந்தி எடுத்தாள்.

மூன்றாவது சிவப்புக்குப் பிறகு புருவம் போனது, கண்ணிமை முடியும் போனது, முகம் சிலேட்டை ஈரத்துணி போட்டுத் துடைத்த மாதிரி ஆனது. பாப்பாத்தி பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். பாப்பாத்தி எப்போதும் பக்கத்தில் வந்துதான் பார்ப்பாள்.

"புருவத்தையுமா எடுப்பாங்க?"

"ஆமாங்க்கா. அந்தச் சாமிக்குப் புருவமும் குடுக்கோணும்."

அன்று மத்தியானம் போய்ப் பார்த்தால் அம்மனுக்கும் புருவம் இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமை கரட்டடியில் முடி எடுக்கிறவர்கள் தலைக்கு ஒரு பிளேடும் புருவத்துக்கு ஒரு பிளேடுமாக உட்கார்ந்திருந்தார்கள், மொட்டைக்கு வரிசை, புருவத்துக்குத் தனி வரிசை. பாப்பாத்தி முதல் ஆளாகப் போய் இரண்டையும் கொடுத்துவிட்டுச் சந்தனத்தை அப்பிக்கொண்டு வந்தாள். ஆனி பிறப்பதற்குள் சந்தில் பாதிப் பேருக்குப் புருவம் இல்லை, பனியன் கம்பெனி செக்கிங் பகுதியில் யாருக்குமே இல்லை, சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் தூக்கிப் பார்க்க ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை, அதனாலேயோ என்னவோ அந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் எதற்கும் ஆச்சரியப்படவில்லை.

கடைசியில் தாரணி மட்டும் புருவத்தோடு நடமாடினாள், எல்லாரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள்.

இப்படியேதான் ஒவ்வொன்றும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தாலும் சரி, யாராவது பவுடர் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, வசந்தாமணிக்குக் குடல் மேலே வரும், ஏன் மூக்கைப் பொத்துகிறாய் என்று கேட்டார்கள், அம்மனுக்கு வாசம் ஆகாது, அங்கே போய் வந்து எனக்கும் ஆகாமல் போய்விட்டது என்றாள், உடனே மேலே ஊதுபத்தி நின்றது, மல்லிகை நின்றது, பூக்காரிகள் வாசமே இல்லாத கனகாம்பரமாகப் பார்த்துக் கட்டி வந்தார்கள். சோற்றை வாயில் வைத்தால் துருப்பிடித்த குண்டாவை நக்கின மாதிரி இருந்தது, ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டார்கள், விரதம், புளிப்பு மட்டும்தான் என்றாள், மறு வெள்ளிக்கிழமை மாரப்பன் சர்க்கரைப் பொங்கலை நீட்டினபோது அம்மன் கல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். பெண்கள் கூடி நின்று யோசித்தார்கள். ஒருத்தி நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள், முகம் கொஞ்சம் திரும்பியது. ஒருத்தி எவர்சில்வர் தட்டை எடுத்துவிட்டு இலையில் வைத்தாள், இன்னும் கொஞ்சம் திரும்பியது. பாப்பாத்தி பெருங்காயம் போடாத மோரில் எலுமிச்சை பிழிந்து, ஐஸ் கட்டி போட்டு, ஒரு கரண்டி உதட்டில் வைத்தாள், அம்மன் நேராக உட்கார்ந்தாள்.

"பாவம், வாய்க்கசப்பு போல இருக்குது," என்று ஆளாளுக்கு உருகினார்கள். ஒருத்தி விசிறினாள். ஒருத்தி குழந்தைகளைச் சத்தம் போடாமல் கூட்டிப்போனாள். ஒருத்தி அம்மன் காலைப் பிடித்துவிட்டாள்.

கீழே, ஓட்டு வீட்டுக்குள், வசந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போனாள். அவளையும் மதித்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது, கோயிலை முதலில் கண்டவள் என்று வெள்ளிக்கிழமைகளில் வாசலில் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், வெள்ளை மருந்து ஆரம்பித்ததில் பாதம் மரத்துப் போயிருந்ததால் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. மோர் மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

"கல்லு வாந்தி எடுத்தா ஊரே தாங்குது, மனுசி எடுத்தா நான் ஒருத்தி கழுவறேன்," என்று தாரணி ஒரு நாள் குழாயடியில் சத்தமாகவே சொன்னாள்.

"உங்கம்மாளுக்கு என்ன கண்ணு? மசக்கையா?" என்று ஒருத்தி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், பாப்பாத்தி மட்டும் சிரிக்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளை மருந்து வேறு மாதிரி. வாந்தி குறைந்தது, விரல் போனது. விரல் இருந்தது, ஆனால் நுனி இல்லாத மாதிரி, டம்ளரைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று கீழே விழுந்து உடைந்தால்தான் தெரியும், ரவிக்கைக் கொக்கியைத் தாரணிதான் மாட்டிவிட வேண்டும். நகம் கறுத்தது, அம்மனுக்கு விளக்குக் கரி பூசினேன் என்றாள், சந்துப் பெண்பிள்ளைகள் நகத்தில் கரி பூசிக்கொண்டு கம்பெனிக்குப் போனார்கள், அழகாகத்தான் இருந்தது. திடீர் திடீரென்று உள்ளேயிருந்து அடுப்பு மூட்டின மாதிரி சூடு கிளம்பி வேர்த்து ஊற்றியது. எல்லாவற்றையும்விட மோசம், மண்டைக்குள் புகை. பால் பாத்திரத்தைப் பீரோவில் வைத்தாள். துணிக்குச் சோப்புப் போட்டுவிட்டு, அலசினேனா என்று மகளைக் கேட்டாள். அவளுக்குத் தான் சொன்ன பொய்யெல்லாம் ஒன்றொன்றாக மறந்து, சொன்னதற்குப் பிறகு வந்தது மட்டும் மனதில் நிற்க ஆரம்பித்தது.

ஆறாவது மருந்து முடிந்து, ஏழாவதுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, சிஸ்டர் போன் பண்ணினாள். ரத்தம் நன்றாக இருக்கிறது, வெள்ளை அணு ஏறிவிட்டது, நாளைக்கு வெறும் வயிற்றோடு வராமல் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொல். தாரணி பையை எடுத்து வைத்தாள்: துண்டு, பிளாஸ்டிக் கவர், எலுமிச்சை, பஸ்ஸுக்கு ஒரு சால்வை.

"பையை எடுத்து உள்ள வெய்யி," என்றாள் வசந்தாமணி. "நான் வரல."

"எங்க வரல?"

"ஆஸ்பத்திரிக்கு. போதும் கண்ணு. மேல அவ எனக்காக எல்லாத்தையும் பட்டுட்டிருக்கறா. முடி குடுத்தா, புருவம் குடுத்தா, திங்காம கெடக்கறா. நானும் எதுக்கு இன்னொருக்காப் படோணும்?"

"அம்மா, அந்தக் கோயில் நீ சொன்ன பொய்."

வசந்தாமணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாரணி சமாளித்திருப்பாள். அவள் உண்மையாகவே புரியாமல் மகளைப் பார்த்தாள், புருவம் இல்லாத அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை.

"பொய்யா? நாம போனமே. எந்த பஸ்ல போனோம்?"

"போகவே இல்லம்மா."

"அப்ப முடி எங்க?"

"பாத்ரூம் குழில. நான்தான் எடுத்தேன். இந்தக் கையால."

"உனக்கு மறந்துருக்கும்," என்றாள் வசந்தாமணி பரிவாக. "சின்னப் புள்ள. என்னைப் பாத்துட்டு உனக்கும் ரொம்ப மறதி வந்துருச்சு."

தாரணி கெஞ்சினாள், திட்டினாள், தட்டைத் தூக்கிப் போட்டாள். சிஸ்டருக்குப் போன் போட்டு அம்மா காதில் வைத்தாள். இடையில் விட்டால் இத்தனை நாள் பட்ட கஷ்டம் வீணாகிவிடும், எங்காவது ஒளிந்திருப்பது மறுபடி தலை தூக்கும், அப்போது நாங்கள் என்ன பண்ணுவோம் என்று சொல்ல முடியாது என்று சிஸ்டர் சொன்னாள், வசந்தாமணி சரிங்க சரிங்க என்று கேட்டுவிட்டுப் போனை மகளிடம் கொடுத்து, "யாரு பேசுனது?" என்றாள். பிறகு செருப்பு மாட்டாமல், பாதம் தரையில் படுகிறதா இல்லையா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே கரட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

தாரணி கொஞ்ச நேரம் வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தாள். அன்று வெள்ளிக்கிழமை. மேலே போய் எல்லார் முன்னாலும் கத்தினால் என்ன ஆகும்? கோயில் பொய் என்று எல்லாருக்கும் தெரிந்தால் அம்மாவுக்கும் தெரியும். அல்லது கோயில் மறைந்துபோய், அம்மா எதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளோ அது இல்லாமல் பாறையில் விழுவாள். அல்லது தனக்குத்தான் பைத்தியம். குழியிலிருந்து எடுத்த முடியின் பிசுபிசுப்பு அவள் விரலில் இன்னும் இருந்தது, குழிந்த படிகளும் கண் முன்னால் இருந்தன, இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று அவளுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. எழுந்து ஓடினாள்.

மேலே நல்ல கூட்டம். வசந்தாமணி தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தாரணி எட்டிக் கீறல் மணியை இழுத்து அடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க! இந்தக் கோயில் பொய்!"

"கோயில் பொய்யின்னா நீ எது மேல ஏறி நிக்கற அம்மிணி?" என்றார் மாரப்பன்.

"சித்த மெதுவாப் பேசு புள்ள," என்றார் ஷேர் ஆட்டோக்காரர். "அம்மனுக்குச் சத்தம் ஆகாது."

"எங்கம்மாவுக்குத்தான் சத்தம் ஆகாது! அம்மனுக்கில்ல! எங்கம்மாவுக்கு மாருல கேன்சர். ஒரு பக்கம் எடுத்தாச்சு. முடி மருந்துல போச்சு, புருவம் மருந்துல போச்சு, நகம் மருந்துல கறுத்துப் போச்சு. நீங்க கேட்டீங்க, அவ ஒண்ணொண்ணா ஒரு கதை சொன்னா, நீங்க அதுக்குக் கனகாம்பரம் வாங்கிட்டு வந்துட்டீங்க! நாளைக்கு அவளுக்கு ஏழாவது ஊசி. இங்கயே உக்காந்துட்டு வரமாட்டேங்கறா. செத்துப் போயிருவா. போயிட்டா அதுக்கும் இங்க ஒரு திருவிழா வெப்பீங்களா?"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். கோயில் மறையவில்லை. கூட்டத்தில் யாரும் புருவத்தைத் தூக்கவில்லை, தூக்க இல்லை. ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். இன்னொருத்தி, "அதுக்குத்தானே சாமி இருக்குது," என்றாள். தேங்காய்க்காரர் ஒரு தேங்காயை எடுத்து, "வசந்தாமணி பேருக்கு ஒண்ணு ஒடைச்சிரலாம்," என்றார், அதையும் எல்லாரும் சரி என்றார்கள். அவ்வளவுதான். அவள் தூக்கிப் போட்ட உண்மை, குளத்தில் போட்ட கல் மாதிரி, கொஞ்சம் தண்ணீரைச் சிதறிவிட்டு உள்ளே போய்விட்டது.

அப்போது பாப்பாத்தி வந்து அவள் கையை முறுக்கிப் பிடித்து வேப்பமரத்துப் பின்பக்கம் இழுத்துப்போனாள்.

"இத்தன பேர் முன்னால அவ மானத்தை வாங்கோணுமா? எனக்குத் தெரியும் புள்ள."

"என்ன தெரியும்?"

"கொடில ரவிக்கை காஞ்சுது. ஒரு பக்கம் மட்டும் உள்ள வேஸ்ட் துணி வெச்சுத் தெச்சிருந்தா. மொட்டை பாக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சும் எந்தக் கோயில்னு கேட்டீங்களா பெரீம்மா?"

"தெரிஞ்சதனாலதான் கேட்டேன்," என்றாள் பாப்பாத்தி. அவள் குரல் மாறிப்போயிருந்தது. தாரணியின் கையை இழுத்து, சேலைக்கடியில், அக்குளை ஒட்டின இடத்தில் வைத்து அழுத்தினாள். தோலுக்குக் கீழே ஒன்று இருந்தது. நகரவில்லை.

"பொங்கலப்போ ஆமணக்குக் கொட்டமுத்தாட்டம் இருந்துது. இப்ப நெல்லிக்காயாட்டம்."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"எதுக்கு? உங்கம்மா எந்திரிச்சு நடமாடறா பாரு. அந்தக் கர்ப்பப்பை ஆபரேசனுக்கப்பறம் ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை அவ வாயில வந்துதா? கோயம்புத்தூரு போறப்பக்கூட அக்கா ஊட்டுக்குன்னுதான் சொல்லிட்டுப் போவா. ஈரக்கரட்டம்மன்னு சொன்னா. நானும் வந்தேன். முடி குடுத்தேன், புருவம் குடுத்தேன், வாரம் தவறாம மோர் குடுத்தேன். எனக்கும் சரியாயிரும்."

தாரணிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அம்மாவையா, பாப்பாத்தியையா, உள்ளே புருவம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற அவளையா? கையை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"தள்ளு," என்றது பின்னால் ஒரு குரல். வசந்தாமணி தூணை விட்டு எழுந்து வந்திருந்தாள்.

மகளின் கையை விலக்கிவிட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையை வைத்தாள், பாதி தெரிந்த மாதிரி இருந்தது. பிறகு கையைத் திருப்பி, வளையல் போடுகிற மணிக்கட்டை, மரப்பு எங்கே முடிகிறதோ அந்த இடத்தை வைத்து, மெல்லத் தேய்த்துத் தேடினாள். தேடின கை ஒரு இடத்தில் நின்றது. வெகு நேரம் நின்றது.

"அக்கா," என்றாள். "நான் இந்தச் சாமிக்கு முடி குடுக்கல."

"என்ன வசந்தா சொல்ற?"

"எனக்கு ஞாபகமில்ல. மண்டைக்குள்ள ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கோயலு கண்ணு முன்னாடி நிக்குது, நான் வந்த மாதிரியும் இருக்குது. ஆனா குழில அடைச்ச முடிய எடுத்தன்னு எம்புள்ள சொல்றா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தா இந்த ஊருல அவளுக்கு நாலு பேராவது பிரண்டு இருப்பாங்க."

"அம்மா!" என்றாள் தாரணி.

"அதனால அது குழிலதான் போயிருக்கோணும்," என்றாள் வசந்தாமணி. அதைச் சொல்லும்போது கண்ணால் பார்க்கிற கல்லுக்கும் மகளுக்கும் நடுவில் எதையோ பிடித்துக்கொண்டு கடக்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "மருந்துலதான் அக்கா நான் நடமாடறது."

"அப்ப நீ பொழச்சது?" என்றாள் பாப்பாத்தி.

"இன்னும் பொழைக்கல. ரெண்டு பாக்கி இருக்குது."

கோயிலுக்குள் யாரோ விசிறுகிற சத்தம் கேட்டது. பாப்பாத்தி வேப்பமரத்தில் சாய்ந்து அப்படியே சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள், அழுவாள் என்று தாரணி நினைத்தாள், ஆனால் அவள் தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "சும்மாவே குடுத்துட்டேனே," என்றாள்.

"முன்கூட்டியே குடுத்துட்டீங்க பெரீம்மா. அங்க எப்படியும் கேப்பாங்க," என்றாள் தாரணி.

வசந்தாமணி முதலில் சிரித்தாள். பிறகு பாப்பாத்தி சிரித்தாள், சிரிப்பிலேயே மூக்கைச் சிந்தினாள், சிந்திவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"வாந்தி வருமா?"

"வரும்."

"சோறு?"

"இரும்பாட்டம் இருக்கும். எவர்சில்வர்ல திங்காத."

"ஏன் வசந்தா, இதையெல்லாம் கொழாயடிலயே சொல்லியிருந்தா நான் மோரை உனக்கே கொண்டாந்து குடுத்துருப்பனே?"

வசந்தாமணியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலைல மொத வண்டிக்கு நான் போறேன்," என்றாள். "நான் போகாம உன்னைப் போன்னு சொல்ல என்னால முடியாது. நீயும் வா. ரெண்டு இட்லி தின்னுட்டு வா."

அன்று ராத்திரிக்குள் சந்து அதையும் உள்வாங்கிக்கொண்டது. ஈரக்கரட்டம்மன் தன்னிடம் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள் என்று மாரப்பன் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தார், அதைச் சொல்ல அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார். தாரணி மறுத்துப் பேசப் போனாள், போகும் வழியில் எதை மறுப்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள்.

காலையில் மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். வசந்தாமணி ஜன்னலோரம், தாரணி நடுவில் கவரைப் பிரித்து வைத்துக்கொண்டு, பாப்பாத்தி ஓரத்தில் இரண்டு பாட்டில் மோரை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்று வசந்தாமணிக்கு, இன்னொன்று யாருக்கு என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முதலில் பாப்பாத்தியைத்தான் கூப்பிட்டார்கள். கட்டியில் ஊசி வைத்துக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்க்க வேண்டும், கூட ஒருத்தர் வரலாம் என்றார்கள். வசந்தாமணி எழுந்து போனாள், திரைச்சீலை ஓரத்தில் தாரணியும் நின்றாள்.

பாப்பாத்தியைப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். அவள் விட்டத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்தபோது உடம்பு முழுக்க விறைத்து, பக்கத்தில் இருந்த கையை இறுக்கிப் பிடித்தாள், எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாள் என்று வசந்தாமணிக்குத் தெரியவில்லை, மகள் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது.

"வசந்தா, இப்ப எந்தச் சாமியை நெனைக்கட்டும்?"

வசந்தாமணி யோசித்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். தாரணிக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்பது அவள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

"யாரையும் நெனைக்க வேண்டாங்க்கா," என்றாள் வசந்தாமணி. "வலிக்கும். மூச்சை மட்டும் உடு."

பாப்பாத்தி மூச்சை விட்டாள்.